கியோட்டோ இலையுதிர்காலம்: உயர்தரப் பயணத்தை எந்த வரிசையில் பதிவு செய்வது?

நவம்பரில் ஜப்பானுக்குப் போக விரும்புகிறவர்களுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும்போது ஒரே சறுக்கலைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலில் விமான டிக்கெட்டை வாங்கிவிடுகிறார்கள். அடுத்து ஹோட்டல். எதற்காக அவ்வளவு தூரம் போகிறார்களோ அந்தத் தோட்டமும் தேநீர் அறையும் பாரம்பரிய விடுதியும் நல்ல சாப்பாடும் கடைசியில்தான் நினைவுக்கு வருகின்றன. அதற்குள் எல்லாம் நிறைந்துவிடும். கையில் பணம் இருந்தும் பயனில்லை.

கீழே இருக்கும் வரிசை இரண்டு பேர், சுமார் பத்து நாள், டோக்கியோ, கனசாவா, கியோட்டோ என்ற பாதையை மனத்தில் வைத்து எழுதியது. செலவுக்கு அஞ்சாதவர்களுக்கானது, ஆனால் இதில் வரும் மிக அரிய இடங்கள் சில மிக மலிவானவை. அவற்றுக்கு வேண்டியது சரியான தேதியில் விண்ணப்பிப்பது மட்டுமே.

1. தேதியை இலை முடிவு செய்யட்டும் (பத்து மாதம் முன்)

இலையுதிர்காலம் என்றதும் அக்டோபர் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அக்டோபர் நடுவில் கியோட்டோவில் இறங்கினால் மேப்பிள் மரங்கள் பச்சைப் பசேலென்று நிற்கும்.

ஜப்பானில் இலையின் நிறம் வடக்கிலிருந்து தெற்கே வருகிறது; மலையிலிருந்து சமவெளிக்கு இறங்குகிறது. ஹொக்கைடோவின் தைசெட்சு மலையில் செப்டம்பர் நடுவிலேயே நிறம் ஏறிவிடும். நிக்கோவின் மேலே சூசென்ஜி ஏரிப் பக்கம் அக்டோபர் பிற்பகுதி. கியோட்டோ நகருக்கு நவம்பரின் கடைசிப் பத்து நாட்கள்; வெப்பம் நீடிக்கும் ஆண்டுகளில் டிசம்பர் முதல் வாரம் வரை இழுக்கும். காமகுரா அதற்கும் பிந்தும்.

நாளின் குறைந்தபட்ச வெப்பநிலை 8 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்போதுதான் இலை மாறத் தொடங்குகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் சேர்ந்தால் சிவப்பு அடர்த்தியாகும். செப்டம்பரிலிருந்து வானிலை நிறுவனங்கள் முன்கணிப்பு வெளியிடுகின்றன என்றாலும் அதுவரை காத்திருந்தால் அறை கிடைக்காது. ஆகவே ஒரே ஊரை நம்பாமல் உயரம் வேறுபடும் இரண்டு மூன்று இடங்களைப் பாதையில் சேர்த்துவிடுங்கள். நகரில் நிறம் தாமதமானால் கியோட்டோவின் வடமேற்கு மலையில் இருக்கும் தகாவோ கைகொடுக்கும். அங்கே நகரை விட ஓரிரு வாரம் முன்னதாகவே சிவந்துவிடும்.

அடுத்து விடுமுறைகள். நவம்பர் 3 பண்பாட்டு நாள், நவம்பர் 23 உழைப்புக்கு நன்றி கூறும் நாள். இரண்டும் அரசு விடுமுறை. 23-ஆம் தேதியை ஒட்டிய வார இறுதியில் கியோட்டோவில் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். உள்ளூர்க்காரர்களே வெளியே தலைகாட்டாத நாட்கள் அவை. அப்போது டோக்கியோவில் இருந்துவிட்டு அடுத்த திங்கள் அல்லது செவ்வாய் கியோட்டோவுக்குள் நுழைவது நல்லது.

என் சொந்த விருப்பம் டிசம்பர் முதல் வாரம். மரத்தில் பாதி இலைதான் இருக்கும். மீதி பாசியின் மேல் கிடக்கும். கூட்டம் சட்டென்று வடிந்திருக்கும். கிளை நிறையச் சிவப்பு வேண்டும் என்பவர்கள் இதைக் கேட்கமாட்டார்கள். அவர்களுக்கு நவம்பர் கடைசி வாரம்.

2. முதலில் ரியோகன், அதற்குப் பிறகே விமானம் (எட்டு மாதம் முன்)

ரியோகன் என்பது பாய் விரித்த அறை, வெந்நீர்க் குளியல், இரவும் காலையும் சாப்பாடு எல்லாம் சேர்ந்த பாரம்பரிய விடுதி. சிறந்தவற்றில் பலவற்றுக்கு இருபது அறைகூட இருக்காது. விமானத்தில் இருக்கை இன்னொரு நாளில் கிடைத்துவிடும். இந்த அறை கிடைக்காது. அதனால் ரியோகன் உறுதியான பிறகே டிக்கெட்டைத் தொடுங்கள்.

கியோட்டோவின் ஃபுயாச்சோ தெருவில் எதிரெதிரே நிற்கும் தவாராயாவும் ஹியிராகியாவும் இந்தக் கலையின் இரண்டு பெரிய பெயர்கள். தவாராயாவுக்கு மூன்று நூற்றாண்டு வரலாறு. ஹியிராகியா 1818-இல் தொடங்கியது. ஹகோனேயில் கோரா காதான் முன்பு அரச குடும்பக் கிளை ஒன்றின் கோடை மாளிகையாக இருந்த இடம். இசு தீபகற்பத்தின் ஷுசென்ஜியில் அசாபா. அங்கே குளத்துக்கு அக்கரையில் நோ என்னும் பாரம்பரிய நாடகத்தின் மேடை இருக்கிறது. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் அசாபாவைச் சொல்வேன்.

புதியவர்கள் இடறும் இடங்கள் இங்கே அதிகம்.

விலை ஆள் கணக்கு. அறைக்கு 80,000 யென் என்று நினைத்துப் பதிவு செய்தால் இரண்டு பேருக்கு 1,60,000 யென் பில் வரும். முதல் தர ரியோகனில் ஒருவருக்கு ஓர் இரவு 60,000 யென்னிலிருந்து தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகும். இரண்டு வேளைச் சாப்பாடு அதில் அடக்கம். அதற்கு மேல் வரி. கியோட்டோ நகரம் 2026 மார்ச் முதல் தங்கும் வரியை ஏற்றியிருக்கிறது: ஓர் இரவுக் கட்டணம் ஒருவருக்கு 50,000 முதல் 99,999 யென் வரை என்றால் 4,000 யென், ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் 10,000 யென். இதுவும் ஆளுக்குத்தான்.

தொடர்ந்து நான்கு ரியோகன் போடாதீர்கள். பத்துப் பன்னிரண்டு வகை பரிமாறும் இரவு உணவை மூன்றாம் நாளும் உட்கார்ந்து சாப்பிட யாராலும் முடியாது. பத்து நாளில் மூன்று இரவு போதும். இரண்டு ஒரே இடத்தில், ஒன்று வேறிடத்தில். ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கினால் நடுவில் ஒரு முழுப் பகல் விடுதியிலேயே கிடைக்கும். பலர் மதியம் நான்கு மணிக்கு வந்து மறுநாள் பத்து மணிக்குக் கிளம்பிவிட்டு, கட்டணத்துக்குத் தகுந்தபடி இல்லை என்று குறைபடுகிறார்கள்.

ரியோகனைப் பயணத்தின் முதல் இரவில் வைக்கவே வைக்காதீர்கள். விமானக் களைப்பில் ஆறரை மணிக்குச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் மூன்றாம் வகை வருவதற்குள் தூக்கம் சொக்கும். நடுவிலோ கடைசியிலோ வையுங்கள்.

மற்ற இரவுகளுக்கு நல்ல ஹோட்டல். அதற்கு ஒரு காரணம் உண்டு: ஹோட்டலில் உங்களுக்காகத் தொலைபேசி எடுக்கும் ஆள் இருக்கிறார். ஐந்தாம் படியில் அவர் தேவைப்படுவார்.

3. விமானமும் விசாவும்

டோக்கியோ ஹனேடாவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புங்கள். போய்வர ஒரே நிலையம் என்றால் கடைசி நாளை ரயிலிலேயே கழிக்க வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர், மலேசிய பாஸ்போர்ட் இருந்தால் குறுகிய சுற்றுலாவுக்கு விசா வேண்டாம். மலேசியர்களுக்கு அது சிப் பொருத்திய பாஸ்போர்ட்டாக இருக்க வேண்டும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். இந்தியாவில் வசிப்பவர்களுக்கு 2024 ஏப்ரல் முதல் மின்விசா வழங்கப்படுகிறது. இதில் இரண்டு பொறிகள். ஒருமுறை நுழையும் சுற்றுலா விசா வழங்கிய நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். ஆகவே ஜூலையிலேயே ஆர்வமாக விண்ணப்பித்து வாங்கினால் நவம்பர் கடைசியில் அது காலாவதி. செப்டம்பர் பிற்பகுதி சரியான நேரம். இன்னொன்று, மின்விசா அறிவிப்பை விமான நிலையத்தில் இணைய இணைப்போடு கைப்பேசித் திரையில் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வைத்ததையோ அச்சிட்ட தாளையோ ஏற்கமாட்டார்கள்.

4. அனுமதி வேண்டும் தோட்டங்கள் (சரியாக மூன்று மாதம் முன்)

கியோட்டோவின் கட்சுரா அரண்மனைத் தோட்டமும் ஷுகாகுயின் தோட்டமும் அரச குடும்ப அலுவலகத்தின் கீழ் இருப்பவை. கட்சுராவுக்குக் கட்டணம் 1,000 யென், ஷுகாகுயின் இலவசம். எந்த ஹோட்டலும் எவ்வளவு பணம் வாங்கினாலும் இங்கே தனி வழி ஏற்பாடு செய்ய முடியாது. எல்லோரும் ஒரே முறைப்படிதான் விண்ணப்பிக்க வேண்டும்; வெளிநாட்டிலிருந்து அதற்கு அலுவலகத்தின் இணையப் பக்கமே எளிது.

நவம்பர் வருகைக்கு ஆகஸ்ட் 1, ஜப்பான் நேரம் காலை 5 மணிக்கு விண்ணப்பம் திறக்கும். இந்திய நேரப்படி நள்ளிரவு 1.30. டிசம்பர் வருகைக்கு செப்டம்பர் 1. பாஸ்போர்ட் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு விழித்திருங்கள். காலையில் எழுந்து பார்க்கலாம் என்றால் இலை சிவக்கும் வாரத்தின் இடங்கள் போயிருக்கும். வருகையன்று அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோக மறக்காதீர்கள்.

இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால்? கட்டடக்கலையில் ஈடுபாடு உள்ளவர் கட்சுராவுக்குப் போகட்டும். ஒவ்வொரு படிக்கல்லும் உங்கள் தலை எந்த இடத்தில் குனிய வேண்டும், எங்கே நிமிர வேண்டும் என்று தீர்மானித்து வைத்திருக்கும் தோட்டம் அது. கல் சீரற்று இருப்பதால் காலைப் பார்த்தே நடக்க வேண்டும். கல் அகலமாகும் இடத்தில் நின்று நிமிர்ந்தால் எதிரே குளம் திறக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு அங்கே ஆகாது. இலைக்காகப் போகிறவர் ஷுகாகுயினுக்குப் போகட்டும். மலைச்சரிவில் வயல்களின் நடுவே நடந்து மேலே ஏறினால் ஏரியும் அதைச் சுற்றிய நிறமும் ஒரே பார்வையில் கிடைக்கும்.

பாசிக் கோயில் எனப்படும் சைஹோஜிக்கு அதன் சொந்த இணையப் பக்கத்தில் முன்பதிவு. ஒருவருக்கு சுமார் 4,000 யென். தோட்டத்துக்கு முன் மண்டபத்தில் அமர்ந்து தூரிகையால் பௌத்த சூத்திரம் எழுத வேண்டியிருக்கும். இதைச் சடங்கு என்று அவசரமாக முடித்துவிட்டு வெளியே ஓடுகிறவர்கள் உண்டு. அந்த அரைமணி நேரம் உட்கார்ந்து மூச்சு அடங்கிய பிறகு போனால் பாசியின் பச்சையில் எத்தனை விதம் என்று கண்ணுக்குப் பிடிபடும். உடனே போனால் எல்லாம் ஒரே பச்சை.

5. சாப்பாடு: சொல்ல வேண்டியதைப் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள்

நம்மவர்களின் பயணம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்னும் சாறு. கொம்பு என்ற கடற்பாசியும் காயவைத்துச் சீவிய பொனிட்டோ மீனும் சேர்ந்தது அது. சூப்பில், வேகவைத்த காய்கறியில், முட்டையில், தொட்டுக்கொள்ளும் குழம்பில் எல்லாவற்றிலும் இருக்கும். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டையும் மீன் துண்டையும் எடுத்துவிட்டு அதே சாற்றில் காயைப் பரிமாறுவார்கள். ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. அவர்கள் கணக்கில் சாறு ஒரு பொருளே இல்லை.

ஆகவே பதிவு செய்யும்போதே எழுத்தில் கேளுங்கள்: மீன் தாஷி கூடாது, கொம்பும் காய்ந்த ஷியிதாகே காளானும் கொண்ட தாஷி சரி, முட்டை, பால் சரியா இல்லையா, மிரின், சாகே போன்ற அரிசி மது சமையலில் சேரலாமா கூடாதா. வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் அதையும் சொல்லுங்கள். வந்து உட்கார்ந்த பிறகு சொன்னால் சமையல்காரரால் ஒன்றும் செய்ய முடியாது. காய்செகி எனப்படும் அந்தப் பல வகை விருந்தின் பொருள்கள் உங்கள் பெயருக்கென்றே முன்கூட்டித் தேர்ந்து வாங்கப்பட்டவை.

சில ரியோகன்கள் முடியாது என்று மரியாதையாகப் பதில் எழுதும். மல்லுக்கட்டாதீர்கள். முடியாததை முடியும் என்று சொல்லாத விடுதி அது என்று எடுத்துக்கொண்டு வேறிடம் பாருங்கள்.

முழுச் சைவருக்குக் கவலையே இல்லாத வழி ஷோஜின் ரியோரி, அதாவது கோயில் சமையல். மீனும் இறைச்சியும் வெங்காயமும் பூண்டும் அதில் மரபுப்படியே கிடையாது. அராஷியாமாவில் தென்ரியூஜி கோயிலுக்குள் இருக்கும் ஷிகெட்சு, தைதோகுஜி வளாகத்தின் இசுசென் இரண்டும் நம்பிப் போகக்கூடியவை. நான்சென்ஜி கோயிலைச் சுற்றிலும் யுதோஃபு என்னும் வெந்நீர் டோஃபுக் கடைகள் உண்டு. ஆனால் அங்கும் தொட்டுக்கொள்ளும் குழம்பைப் பற்றிக் கேட்க வேண்டும். கோயிலிலேயே தங்க ஆசை என்றால் கோயாசான் மலையில் ஐம்பதுக்கு அருகில் மடங்கள் விருந்தினரை ஏற்கின்றன. அங்கே இலை சிவப்பது அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம். கியோட்டோ உச்சத்தோடு பொருந்தாது என்பதை மறக்க வேண்டாம்.

எல்லாம் சாப்பிடுகிறவர்களுக்கு நவம்பரைப் போல ஒரு மாதம் கிடையாது. மண் கெண்டியில் மட்சுதாகே காளான் சாறு, புது அரிசி, கஷ்கொட்டை. கனசாவாவில் நவம்பர் 6-ஆம் தேதி பனி நண்டுப் பருவம் திறக்கும். அதன் பெண் நண்டு அளவில் சிறியது, விலையும் குறைவு, ஆனால் உள்ளே முட்டை நிறைந்திருக்கும். பெரிய ஆண் நண்டை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்.

பெரிய உணவகங்களை உங்கள் ஹோட்டலின் வரவேற்பாளர் வழியாகவே பதிவு செய்யுங்கள். பல இடங்கள் ஓரிரு மாதம் முன்பே பதிவைத் திறக்கும். அறிமுகமில்லாதவரை நேரடியாக ஏற்காத இடங்களும் உண்டு. கடைசி நேரத்தில் போகாமல் விட்டால் முழுத் தொகையும் வசூலிப்பார்கள். ஹோட்டலுக்கும் அது தலைகுனிவு. அடுத்த முறை உங்களுக்காக அவர் தொலைபேசியை எடுக்கத் தயங்குவார். கவுன்டரில் அமர்ந்து சாப்பிடும் இடங்களுக்கு வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். எட்டுப் பேர் உட்காரும் அறையில் உங்கள் அத்தர் எட்டுப் பேருடைய சூப்பிலும் விழும்.

6. தேநீர், நாடகம், கருவூலம்

தேநீர்க் கலையில் நவம்பருக்குத் தனி இடம் உண்டு. கோடை முழுதும் தரைக்கு மேல் வைத்திருந்த அடுப்பை எடுத்துவிட்டு, பாய்க்குள் பதித்த குழி அடுப்பைத் திறக்கும் மாதம் அது. ரோபிராகி என்று பெயர். தேநீர்க்காரர்களுக்குப் புத்தாண்டு போல. அந்த ஆண்டின் புதுத் தேயிலை ஜாடியின் முத்திரையை உடைப்பதும் இப்போதுதான். இனோகோ மோச்சி என்ற சிறு இனிப்பு அப்போது வரும்.

சுற்றுலாப் பயணிகளுக்கென்று நாற்பது நிமிடத்தில் முடித்து அனுப்பும் நிகழ்ச்சிகள் கியோட்டோவில் தெருவுக்குத் தெரு உண்டு. உங்களுக்கு வேண்டியது அது அல்ல என்றால் ஹோட்டலிடம் தனிப்பட்ட அமர்வு கேளுங்கள். குழி அடுப்பில் கரி போட்டு நீர் கொதிக்க வைக்கும் இடமா என்று விசாரியுங்கள். மின் அடுப்பு என்று பதில் வந்தால் வேறு இடம். போகுமுன் மோதிரத்தையும் கடிகாரத்தையும் கழற்றிவிடுங்கள். கிண்ணத்தில் கீறல் விழும். புது வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி கைப்பையில் இருக்கட்டும், வாசலில் மாற்றிக்கொள்ளலாம்.

டோக்கியோவில் கபுகி நாடகம் நடக்கும் கபுகிசா அரங்கில் நவம்பரில் நடிகர்கள் பலரும் சேர்ந்து மேடையேறும் காவோமிசே நிகழ்ச்சி நடக்கும். நான்கு மணி நேரம் உட்கார முடியுமா என்ற ஐயம் இருந்தால் ஒரே ஓர் அங்கத்துக்கு மட்டும் டிக்கெட் வாங்கும் வசதி உண்டு. நோ நாடகத்துக்கு செந்தாகயாவில் உள்ள தேசிய அரங்கம். இருக்கையின் பின்புறத்தில் ஆங்கில விளக்கம் ஓடும்.

கெய்ஷா நடனம் பார்க்க வேண்டும் என்று கியோட்டோவின் கியோன் பகுதிச் சந்துகளில் கேமராவோடு திரிவது அநாகரிகம், இப்போது அபராதமும் கூட. தனியார் சந்துகளில் நுழைந்தால் 10,000 யென் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நவம்பர் முதல் பத்து நாளில் நடக்கும் கியோன் ஓதோரி நடன நிகழ்ச்சிக்கு டிக்கெட் வாங்கி முறையாக அமர்ந்து பாருங்கள்.

நவம்பர் தொடக்கத்தில் அங்கே இருப்பவர்கள் நாராவைத் தவறவிடக் கூடாது. அக்டோபர் கடைசியிலிருந்து சுமார் இரண்டு வாரம் மட்டும் நாரா தேசிய அருங்காட்சியகத்தில் ஷோசோயின் கருவூலப் பொருள்கள் காட்சிக்கு வரும். எட்டாம் நூற்றாண்டில் பேரரசர் ஷோமுவின் பொருள்களாகத் தொடங்கிய கருவூலம் அது; ஒவ்வோர் ஆண்டும் ஒரு சிறு பகுதியைத்தான் வெளியே எடுக்கிறார்கள். நேரம் குறித்த டிக்கெட் முன்கூட்டியே வாங்க வேண்டும். அதே ஊரில் தோதாய்ஜியின் பெரிய புத்தருக்கு 752-இல் கண் திறந்தவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி. நம் ஊர்க்காரர்கள் பலர் இதை அறியாமலே புத்தரின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

7. ரயில், அதைவிட முக்கியமாகப் பெட்டி

ரயில் டிக்கெட் ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு விற்பனைக்கு வரும். டோக்கியோவிலிருந்து கனசாவாவுக்கு ஹொகுரிகு ஷிங்கான்சென் என்னும் அதிவேக ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். அதில் கிரான் கிளாஸ் என்ற மேல் வகுப்பு உண்டு. கனசாவாவிலிருந்து கியோட்டோவுக்கு 2024 மார்ச்சிலிருந்து சுருகாவில் வண்டி மாற வேண்டும். பழைய குறிப்புகளைப் படித்துவிட்டு நேரடி ரயிலைத் தேடாதீர்கள். பயணிகளுக்கான ஜே.ஆர். பாஸ் என்ற ரயில் சீட்டு 2023 அக்டோபர் விலையேற்றத்துக்குப் பிறகு இந்தப் பாதைக்குக் கட்டுப்படியாகாது. தனித்தனி டிக்கெட்டே போதும்.

பெரிய பெட்டியை நீங்கள் இழுக்காதீர்கள். ஹோட்டலின் வரவேற்பில் கொடுத்தால் அடுத்த ஊர் ஹோட்டலுக்குப் பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேர்ந்துவிடும். தக்கியுபின் என்று கேளுங்கள். டோக்கியோவிலிருந்து பெரிய பெட்டியை நேரே கியோட்டோவுக்கு அனுப்பிவிட்டு, நடுவில் கனசாவாவுக்கும் ரியோகனுக்கும் சிறு பையோடு போவதே வழி. ரியோகனின் தாதாமிப் பாய் மீது சக்கரப் பெட்டியை உருட்டுவது அந்த வீட்டையே மிதிப்பதற்குச் சமம். டோக்கியோ–கியோட்டோ வழித்தடத்தில் நீள அகல உயரம் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்குத் தனி இருக்கைப் பதிவும் வேண்டும்.

கனசாவாவில் ஒரு பகல் கென்ரோகுயென் தோட்டத்துக்கு. பனி விழுந்து கிளை ஒடியாமல் இருக்க, நவம்பர் 1 முதல் பைன் மரங்களுக்கு உச்சியிலிருந்து கயிறு கட்டித் தாங்குவார்கள். சிவந்த மேப்பிளையும் கயிற்றுக் கூம்பையும் ஒன்றாகப் பார்ப்பது நவம்பர் நடுவிலிருந்துதான் முடியும்.

8. கியோட்டோவில் ஒரு பகல்

நவம்பர் கடைசியில் அங்கே சூரியன் மாலை 4.45-க்கெல்லாம் மறைந்துவிடும். பல கோயில்கள் நாலரை, ஐந்துக்குள் கதவடைக்கும். ஒன்பது மணிக்கு எழுந்து காலை உணவு முடித்து பதினொன்றுக்குக் கிளம்புகிறவருக்கு ஒரு தோட்டத்துக்கு மேல் கிடைக்காது.

காலையில் திறக்கும் நேரத்துக்கு முன்பே ஒரு பெரிய இடத்தின் வாசலில் நில்லுங்கள். தோஃபுகுஜிக்கு இது கட்டாயம். பத்து மணிக்கு மேல் அங்கே காலை எடுத்து வைக்க இடமிருக்காது. கூட்டம் நெரிவதால் உச்ச நாட்களில் அதன் சூதென்கியோ பாலத்தின் மேல் படமெடுக்கத் தடை இருக்கிறது. மதியம் பெயர் குறைந்த ஓரிடம்: வடகிழக்கில் ஷிசென்தோ, எங்கோஜி, மன்ஷுயின் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ருரிகோயினுக்குப் போக விரும்பினால் உச்ச வாரங்களில் முன்பதிவு உண்டா என்று அவர்கள் பக்கத்தில் சரிபாருங்கள். மாலை விளக்கொளி எய்கான்தோவில். பகல் டிக்கெட் இரவுக்குச் செல்லாது, தனியாக வாங்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டு தோட்டம், ஓர் இரவு ஒளி. இதற்கு மேல் போட்டால் காலில் வெந்நீர் கொட்டியதுபோல ஓட வேண்டியதுதான். வாடகைக் காரை மூன்று மாதம் முன்பே ஓட்டுநரோடு பதிவு செய்யுங்கள். ஆனால் நகரின் நடுவில் அந்த வாரங்களில் காரும் நகராது. மதியத்துக்கு மேல் சுரங்க ரயிலே வேகம். கோயில் மண்டபங்களில் செருப்பைக் கழற்றி மரத்தரையில் நடக்க வேண்டும், தரை பனிக்கட்டி போல இருக்கும். தடித்த காலுறையும், குனியாமல் கழற்றி மாட்டக்கூடிய காலணியும் விலை உயர்ந்த கோட்டை விடப் பயன்படும்.

9. ரியோகனுக்குள்

அறை மூன்று மணிக்குத் திறக்கும். ஐந்துக்குள் போய்விடுங்கள். சாப்பாட்டு நேரம் ஆறு அல்லது ஆறரை என்று குறித்துவிடுவார்கள். எட்டு மணிக்கு வந்து சேர்ந்தால் சாப்பாடு இல்லை, பணமும் திரும்பாது.

வாசல் கல்லில் உங்களுக்காகத் தண்ணீர் தெளித்திருப்பார்கள். செருப்பைக் கழற்றியதும் திருப்பி வைக்க ஆள் இருக்கிறார். அறையில் பூவும் சுருள் ஓவியமும் இருக்கும் மாடம் தோகோனோமா. அழகான அலமாரி என்று நினைத்து அங்கே பை, கைப்பேசி சார்ஜர் எதையும் வைக்காதீர்கள். யுகாட்டா என்னும் பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது இறந்தவருக்கு உடுத்தும் முறை.

குளியல் சாப்பாட்டுக்கு முன். உடம்பை வெளியே அமர்ந்து சோப்புப் போட்டு முழுக்கக் கழுவிவிட்டே தொட்டிக்குள் இறங்க வேண்டும். துணியோடு இறங்கக் கூடாது. பிறர் முன் கூச்சம் என்றால், பச்சை குத்தியிருந்தால், அறையிலேயே வெந்நீர்த் தொட்டி உள்ள வகையைப் பதிவின்போதே தேர்ந்தெடுங்கள்.

சாப்பாட்டில் ஹஸ்ஸுன் என்ற தட்டு வரும்போது உடனே கை வைத்துவிடாமல் சற்றுப் பாருங்கள். நவம்பரில் அது பெரும்பாலும் காற்று ஒரு மூலையில் ஒதுக்கிய சருகுக் குவியலின் வடிவில் அடுக்கப்பட்டிருக்கும்: பைன் ஊசியில் கோத்த கிங்கோ விதை, இலை வடிவில் வெட்டி வறுத்த சர்க்கரைவள்ளி, ஓரத்தில் உண்மையான ஒரு மேப்பிள் இலை. எது சாப்பிடுவதற்கு, எது அலங்காரம் என்று பரிமாறும் பெண்மணியிடம் கேட்டால் அவருக்கு மகிழ்ச்சியே. டிப்ஸ் கொடுக்க வேண்டாம். மேசையில் விட்டுப் போனால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னால் ஓடி வருவார்கள்.

10. வாங்குவதும் திரும்புவதும்

கடைசி நாளுக்கு ஒத்திவைக்காமல் கியோட்டோவின் முதல் பகலிலேயே ஒரு கடைச் சுற்று வைத்துக்கொள்ளுங்கள். தேநீர்க் கிண்ணம், அரக்குப் பாத்திரம் போன்றவற்றை இரண்டு நாள் யோசித்து வாங்குவதுதான் முறை. கைவினைஞர்களே அப்படிச் சொல்வார்கள். தேயிலைக்கு 1717-இல் தொடங்கிய ‘இப்போதோ’ என்ற கடை, ஊதுபத்திக்கு 1705-இல் தொடங்கிய ‘ஷோயெய்தோ’. கனசாவாவில் தங்க இலை வேலைப்பாடும் குதானி பீங்கானும். பழம்பொருள் கடைகளில் யானைத் தந்தத்தால் ஆன மூடியோ பொம்மையோ எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள், எல்லையில் பறிமுதலாகும்.

வெளிநாட்டவருக்கான வரிவிலக்கு முறை 2026 நவம்பர் 1 முதல் மாறுகிறது. கடையிலேயே வரி கழித்த பழைய முறை போய், வரியோடு முழு விலை கொடுத்துவிட்டு, புறப்படும்போது விமான நிலைய சுங்கத்தில் பொருளை உறுதி செய்த பிறகு பணம் திரும்பும். அதனால் வாங்கிய பொருள்களை மற்ற துணிமணியோடு கலக்காமல் ஒரே பெட்டியில் மேலாக அடுக்குங்கள். அந்தப் பெட்டியை விமான நிறுவனத்திடம் ஒப்படைப்பதற்கு முன்பே சுங்கத்துக்குப் போங்கள். கன்சாய் நிலையத்துக்கு வழக்கத்தை விட ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். கிண்ணங்களை மரப்பெட்டியோடு கைப்பையில் வையுங்கள். கலைஞரின் எழுத்து அந்த மூடியில்தான் இருக்கும், பெட்டி இல்லாத கிண்ணத்துக்குப் பின்னாளில் மதிப்பு பாதிதான்.